மேசைக்கு அடியில்தான் ரயில் ஓடுகிறது: மாதிரி ரயில் பலகைக்கு வயர் இழுக்கும் முழு வேலை

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடி. கரையோரப் பாதையில் போகிற ஒவ்வொரு கோச்சியும் யன்னல் கண்ணாடியை ஒருமுறை அதிரவைத்துவிட்டுத்தான் போகும். அதைப் பார்த்துப் பார்த்தே எட்டடிப் பலகையில் வெள்ளவத்தை நிலையத்தையும் பக்கத்துக் கடற்கரையையும் எச்ஓ அளவில், அதாவது உண்மையானதில் 87-இல் ஒரு பங்காக, கட்டத் தொடங்கினேன். முதல் பலகை நன்றாகத்தான் ஓடியது. தென்மேல் பருவமழை தொடங்கி இரண்டு மாதம் போனதும் ஒரே மூலையில் எஞ்சின் தயங்கியது, அப்புறம் நின்றது, கையால் தள்ளினால் ஓடும், அடுத்த சுற்றில் மறுபடி அதே இடத்தில் நிற்கும். எஞ்சினைக் கழற்றித் துடைத்தேன், தண்டவாளத்தைத் துடைத்தேன், கன்ட்ரோலரைக்கூட மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஜாயினர், விரல் நகத்தின் அளவுகூட இல்லாத ஒரு தகடு, உப்பும் ஈரமும் ஏறிக் கறுத்துப்போய் மின்சாரத்தைக் கடத்தாமல் இருந்தது.

கீழே எழுதியிருக்கும் எல்லாம் அந்த ஜாயினரில் இருந்து வந்ததுதான். கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரில், சும்மா தொட்டுக்கொண்டிருக்கும் உலோகத்தை நம்பி மின்சாரம் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் கீழிருந்து தனி வயர் வரட்டும், அது சோல்டர் பிடித்ததாக இருக்கட்டும், பிழை வந்தால் பத்து நிமிடத்தில் இடத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரி எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கட்டும். சாதாரண 12 வோல்ட் டிசி கன்ட்ரோலரில் ஓட்டினாலும் சரி, டிசிசியில் (தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) ஓட்டினாலும் சரி, முறை ஒன்றுதான். வித்தியாசம் வருகிற இடத்தில் சொல்கிறேன்.

1. பலகையைத் திருப்பக்கூடியதாகக் கட்டுங்கள்

வயர் வேலை பலகை கட்டும்போதே தொடங்கிவிடுகிறது. தரையில் மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே சூடான சோல்டரிங் அயர்னைப் பிடிப்பது ஆபத்தான வேலை, உருகிய ஈயம் நேராக முகத்தில்தான் விழும். அதனால் பலகையை நாலடிக்கு இரண்டடித் துண்டுகளாகப் பிரித்துக் கட்டுங்கள். அந்த அளவு என்றால் ஒருவரே தூக்கலாம், பக்கவாட்டில் நிமிர்த்திச் சுவரோடு சாய்க்கலாம், கதிரையில் உட்கார்ந்து அடிப்பக்கம் முழுவதையும் கண்ணுக்கு நேரே வைத்து வேலை செய்யலாம். தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு, விருந்தாளி வந்தால் கட்டிலுக்குப் பின்னால் வைத்துவிடலாம்.

பிளைவுட் 9 மி.மீ. போதும், அடியில் இரண்டு அங்குலம் உயரமான மரச்சட்டம் கொடுத்தால் வளையாது. குறுக்குச் சட்டங்களைப் பூட்டுவதற்கு முன்னாலேயே ஒவ்வொன்றின் நடுவிலும் 20 அல்லது 25 மி.மீ. துளை போட்டுவிடுங்கள், எல்லாத் துளையும் ஒரே நேர்கோட்டில் வரட்டும். பூட்டிய பிறகு துளைக்கப் போனால் டிரில் நுழைய இடம் இருக்காது. சட்டத்தின் அடியில் ஆணியடித்து வயரைத் தொங்கவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், பலகையைத் தூக்கி நிலத்தில் வைக்கும் முதல் தடவையிலேயே அந்த வயர் நசுங்கிவிடும்.

2. படம் வரையுங்கள், அதைக் கீழேயும் வரையுங்கள்

தாளில் பாதையை வரைந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஒரு எண் கொடுங்கள். பிறகு இரண்டு தண்டவாளங்களுக்கும் பெயர் வையுங்கள். என் பலகையில் ஒன்று ‘கடல்’, மற்றது ‘வீதி’, ஏனென்றால் யன்னலுக்கு வெளியே இருக்கும் உண்மையான பாதைக்கும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காலி வீதி. வட்டமாக ஓடும் பாதை என்றால் வெளித் தண்டவாளத்தைக் ‘கடல்’ என்று வைத்து விரலால் தொட்டபடி ஒரு சுற்று வாருங்கள், அது எங்கே போனாலும் வெளிப்பக்கத்திலேயே இருக்கும். இடம் வலம் என்று பெயர் வைத்தால் வளைவு தாண்டியதும் குழப்பம் வரும். பெயரில் குழப்பம் வந்த இடத்தில்தான் ஷோர்ட் சர்க்கியூட்டும் வரும்.

பலகையைத் திருப்பிப் போட்டதும் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாறிவிடும் என்பதை மறக்க வேண்டாம். மேலே இடப்பக்கம் இருந்தது கீழே வலப்பக்கம். மூளையால் இதை மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டே சோல்டர் பிடிக்க முடியாது. ஃபீடர், அதாவது தண்டவாளத் துண்டுக்குக் கீழிருந்து வரும் தனி வயர், இறங்கும் ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும், அடிப்பக்கப் பலகையிலேயே, மார்க்கரால் எண்ணையும் நிறத்தையும் எழுதிவிடுங்கள்: ‘7 கடல் சிவப்பு’, ‘7 வீதி கறுப்பு’. முடிந்தால் பாதையின் கோட்டையும் கீழே வரையுங்கள். அரை மணி நேர வேலைதான். மூன்று வருடம் கழித்துப் பிழை தேடும்போது இந்தக் கிறுக்கல்தான் உங்களுக்கு வழி காட்டும்.

3. 230 வோல்ட்டைப் பலகைக்கு அடியில் கொண்டுவராதீர்கள்

இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. சுவரில் இருக்கும் பிளக்கில் மூடிய அடாப்டரைச் செருகுங்கள், அதிலிருந்து வரும் 12 அல்லது 15 வோல்ட் மட்டும் பலகைக்கு வரட்டும். எல்இடி பட்டிகளுக்கு விற்கும், ஓட்டை ஓட்டையான தகரப் பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் ஓரத்தில் 230 வோல்ட் ஸ்குரூக்கள் திறந்தபடி இருக்கும். பலகைக்கு அடியில் கை நீட்டித் தடவுகிற இடத்தில், பிள்ளைகள் ஓடித்திரிகிற வீட்டில், அது வேண்டவே வேண்டாம். வீட்டு மெயின் பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் ரயில் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வீட்டு வயரிங்கில் வரும் மண்ணிறம், நீலம், பச்சை-மஞ்சள் கலந்தது, இந்த மூன்றையும் பலகையில் பயன்படுத்தாதீர்கள். எங்கள் வீட்டில் சிவப்பு ‘கடல்’, கறுப்பு ‘வீதி’, மஞ்சளும் வெள்ளையும் விளக்குக்கும், பாதை பிரியும் இடத்தை நகர்த்தும் பொயிண்ட் மோட்டாருக்கும். பழைய வீடுகளின் சுவருக்குள் சிவப்பும் கறுப்பும் ஓடுவதுண்டு, ஆனால் 230 வோல்ட் பலகைக்குப் பக்கத்திலேயே வராதபோது அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

4. வயர் வாங்குவது

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஒரு காலை நேரம் போனால் எல்லாம் ஒரே நடையில் முடியும். “ரயில் விளையாட்டுக்கு” என்று சொன்னால் கடை நானா மெல்லிய ஸ்பீக்கர் வயரை எடுத்து நீட்டுவார், வாங்கிவிடாதீர்கள். அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

பலகையின் முழு நீளத்துக்கும் ஓடும் பிரதான இரட்டை வயரை பஸ் வயர் என்பார்கள். அதற்கு வீட்டு வயரிங்குக்கு விற்கும் 1.5 சதுர மி.மீ. செப்பு வயர், பல இழை கொண்டது. நீளம் ஆறு ஏழு மீற்றரைத் தாண்டினால் 2.5 சதுர மி.மீ. எடுங்கள். ஃபீடருக்கு 0.5 சதுர மி.மீ., அதாவது 16 இழை, ஒவ்வொரு இழையும் 0.2 மி.மீ.

ஏன் இவ்வளவு தடிப்பு என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். 1.5 சதுர மி.மீ. செப்பு வயர் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 0.0115 ஓம். பஸ் 5 மீற்றர் என்றால் போக 5, வர 5, மொத்தம் 10 மீற்றர், 0.115 ஓம். 3 ஆம்பியர் ஓடினால் வழியில் தொலைவது 0.35 வோல்ட் மட்டும். அதே தூரத்துக்கு 7 இழை 0.2 மி.மீ. மெல்லிய வயரைப் போட்டால் 2.3 வோல்ட் போய்விடும். தொலைவில் இருக்கும் எஞ்சின் சோர்ந்துபோய் ஓடுவது அதனால்தான். ஃபீடர் மெல்லியதாக இருக்கலாம், ஏனென்றால் அதன் நீளம் ஒரு சாண்தான். அதைச் சாணுக்கு மேல் நீட்டாமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

கூடவே வாங்க வேண்டியவை: ரோசின் உள்ளே இருக்கும் 60/40 சோல்டர், 60 வாட் அயர்ன், கனெக்டர் ஸ்ட்ரிப், வயர் நுனியில் மாட்டும் ஃபெரூல், கேபிள் டை, பீப் சத்தம் தரும் மல்டிமீற்றர். தகரத்துக்கு ஈயம் பிடிக்கப் பயன்படுத்தும் அசிட் ஃப்ளக்ஸை வாங்காதீர்கள். நன்றாகப் பிடிக்கும், ஆனால் மிச்சம் இருக்கும் அமிலம் இந்த ஈரக்காற்றில் வயரைத் தின்னத் தொடங்கி, சில மாதத்தில் பச்சைப் பூஞ்சணம்போல வெளியே தெரியும்.

தண்டவாளமே இன்னும் வாங்கவில்லை என்றால் ஒரு வார்த்தை: நிக்கல் சில்வர் வாங்குங்கள். இரும்புத் தண்டவாளம் மலிவு, கடற்கரையில் அது துருப்பிடிக்கும், சோல்டரும் ஒழுங்காகப் பிடிக்காது. இலங்கையின் அகலப் பாதை 1676 மி.மீ., எச்ஓ அளவில் சரியாக எடுத்தால் 19 மி.மீ. சொச்சம் வர வேண்டும், கடையில் கிடைப்பது 16.5 மி.மீ. எனக்கும் அது உறுத்தும்தான், ஆனாலும் பெட்டிகளும் சக்கரங்களும் அந்த அளவில்தான் கிடைக்கின்றன.

5. பஸ் வயரை இழுப்பது

பலகையை நிமிர்த்திச் சாய்த்து, சட்டத் துளைகளின் வழியாகச் சிவப்பையும் கறுப்பையும் இழுங்கள். பாதைக்கு நேர் கீழே போகவேண்டும் என்றில்லை, எந்த ஃபீடருக்கும் ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தால் போதும். இரண்டு வயருக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி விட்டு, அரை அடிக்கு ஒரு கிளிப் அடியுங்கள். இறுக்கி இழுத்து ஆணியடிக்காதீர்கள், மழைக்காலத்தில் பிளைவுட் கொஞ்சம் ஊதும், வயருக்கும் சற்றுத் தளர்வு வேண்டும்.

டிசிசி என்றால் பஸ்ஸை வட்டமாக மூடாதீர்கள், கடைசிப் பலகையில் அது முடிந்து நிற்கட்டும். பஸ் பத்து மீற்றரைத் தாண்டும் பெரிய அறை என்றால் இரண்டு வயரையும் மூன்று நான்கு அங்குலத்துக்கு ஒரு முறுக்கு வீதம் முறுக்கி இழுப்பது நல்லது. தொடர்மாடியில் இருக்கும் எங்களுக்கு அந்தத் தேவை வராது.

6. ஃபீடர்: முழு வேலையும் இங்கேதான்

ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு ஃபீடர், கடல் பக்கம் ஒன்று, வீதிப் பக்கம் ஒன்று. “ஒவ்வொன்றுக்குமா?” என்று என் மச்சான் கேட்டார். ஆமாம், ஒவ்வொன்றுக்கும், இரண்டு அங்குலத் துண்டாக இருந்தாலும் சரி. ஜாயினரைத் தண்டவாளத்தை நேராக வைத்திருக்கும் பொருளாக மட்டும் நினையுங்கள். எல்லா ஜாயினரையும் சோல்டர் பண்ணிவிட்டால் ஃபீடர் வேண்டாமே என்று சிலர் கேட்பார்கள். வெயிலுக்கும் மழைக்கும் மரம் சுருங்கி விரிகிறது, எல்லாம் இறுகியிருந்தால் தண்டவாளம் ஏதாவது ஒரு இடத்தில் வளைந்து எழும்பிவிடும். வளைவுகளில் மட்டும் சோல்டர் பிடித்து, நேரான பாதையில் ஜாயினரைச் சும்மா விடுங்கள்.

தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை ஒட்டி 2 மி.மீ. துளை போடுங்கள். உள்பக்கம் வேண்டாம், சக்கரத்தின் விளிம்பு ஓடும் இடம் அது, சோல்டர் கட்டி நின்றால் பெட்டி துள்ளும். துளை சிலிப்பர் கட்டைகளுக்கு நடுவில் விழட்டும்.

வயர் நுனியில் 5 மி.மீ. தோலை உரித்து, இழைகளை முறுக்கி, முதலில் அதற்கு மட்டும் சோல்டர் பூசுங்கள். பூசிய நுனியை இடுக்கியால் எல் எழுத்துப் போல வளைத்து, கீழிருந்து துளை வழியாக மேலே விட்டு, வளைந்த பகுதி தண்டவாளத்தின் இடுப்பில் படிந்து கிடக்கும்படி வையுங்கள். அதற்கு முன் அந்த இடத்தைச் சின்ன அரத்தாலோ நுண்ணிய எமரித் தாளாலோ பளபளக்கும்வரை தேயுங்கள். தேய்க்காத தண்டவாளத்தில் சோல்டர் உருண்டை உருண்டையாக நிற்கும், பார்வைக்குப் பிடித்ததுபோல இருக்கும், இழுத்தால் கையோடு வரும்.

இப்போது அயர்ன். சூடு குறைந்த, கூர்மையான நுனியை வைத்தால் தண்டவாளம் நீளமாகச் சூடாகிக்கொண்டே போய் பிளாஸ்டிக் சிலிப்பர் உருகும். 60 வாட், தட்டையான பெரிய நுனி, இரண்டு மூன்று வினாடி, சோல்டர் பாய்ந்ததும் எடுத்துவிடுங்கள். பயந்து மெதுவாகச் செய்பவர்கள்தான் சிலிப்பரை உருக்குகிறார்கள். இருபுறமும் ஈரப் பஞ்சை வைத்தால் சூடு அதைத் தாண்டிப் போகாது. நல்ல பிடிப்பு மினுமினுப்பாக, வயரின் வடிவம் தெரியும்படி படிந்திருக்கும். மங்கலாகவும் குமிழாகவும் இருந்தால் மறுபடி சூடாக்குங்கள். ஆறியதும் வயரைக் கீழிருந்து ஒருமுறை நன்றாக இழுத்துப் பாருங்கள், வரப்போவது இப்போதே வரட்டும். பாடசாலையில் பற்றாசு என்று படித்த இதே வேலை கைவர இருபது பிடிப்பாவது ஆகும். பழைய தண்டவாளத் துண்டொன்றில் பழகிவிட்டுப் பலகைக்கு வாருங்கள். யன்னலைத் திறந்து வையுங்கள், கண்ணாடி போடுங்கள், ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சோற்றில் வைக்காதீர்கள்.

கீழே, ஃபீடரைப் பஸ்ஸோடு சேர்க்கும் இடம். பஸ் வயரின் தோலை 1.5 செ.மீ. அளவுக்கு உரியுங்கள், வெட்டக் கூடாது. ஃபீடரை அதில் நான்கைந்து சுற்றுச் சுற்றி சோல்டர் பிடியுங்கள். சிவப்பில் உரித்த இடமும் கறுப்பில் உரித்த இடமும் எதிரெதிரே வரக் கூடாது, குறைந்தது 5 செ.மீ. தள்ளியிருக்கட்டும். மேலே சுற்றும் சாதாரண இன்சுலேஷன் டேப்பின் பசை கொழும்பு வெக்கையில் சில மாதத்தில் இளகி வழிந்து டேப் அவிழ்ந்து தொங்கும். சுற்றி முடித்ததும் நுனியில் சின்னக் கேபிள் டை ஒன்றைப் போட்டு இறுக்கிவிட்டால் அவிழாது. டேப் விழுந்தாலும் இரண்டு வயரும் தொடாது என்பதற்காகத்தான் அந்த 5 செ.மீ.

இன்னொரு வழி, நான்கைந்து ஃபீடர்களைக் கனெக்டர் ஸ்ட்ரிப் ஒன்றுக்குக் கொண்டுவந்து அங்கிருந்து பஸ்ஸுக்குப் போவது. சோல்டர் பழகாதவர்களுக்கு இது சுலபம், பிழை தேடும்போது ஒவ்வொன்றாகக் கழற்றியும் பார்க்கலாம். ஸ்குரூவுக்கு அடியில் போகும் வயர் நுனியில் சோல்டர் பூசாதீர்கள், அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கி ஸ்குரூ தளர்ந்துவிடும். அந்த இடத்துக்கு ஃபெரூல்தான் சரி. வருடத்துக்கு ஒருமுறை எல்லா ஸ்குரூவையும் ஒரு கால் திருகு இறுக்கிப் பாருங்கள்.

ஒரு முறை சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொரு துண்டின் இரண்டு ஃபீடரையும் பஸ்ஸோடு சேர்த்தவுடனே மல்டிமீற்றரைப் பீப் நிலையில் வைத்து, பஸ்ஸின் சிவப்பையும் கறுப்பையும் தொட்டுப் பாருங்கள். சத்தம் வரக் கூடாது. வந்தால் கடைசியாகச் சேர்த்ததில்தான் பிழை. எல்லாவற்றையும் சேர்த்து முடித்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்தால் நாற்பது வயரில் எது என்று தேட வேண்டியிருக்கும். மீற்றரை வைக்கும்போது எஞ்சின் எதுவும் பாதையில் நிற்க வேண்டாம், அதன் மோட்டார் வழியாகவும் பீப் வரும்.

7. பொயிண்டும் தவளையும்

பாதை இரண்டாகப் பிரியும் பொயிண்டின் நடுவில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் முக்கோணத் துண்டை ஆங்கிலத்தில் தவளை என்றுதான் அழைக்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். சில பொயிண்டுகளில் தவளை பிளாஸ்டிக், மின்சாரம் இல்லை, வயர் வேலையும் இல்லை. ஆனால் நான்கு சக்கர ஷண்டர் போன்ற குட்டி எஞ்சின் அதன்மேல் மெதுவாக வந்தால் செத்துப்போகும். உலோகத் தவளை வாங்குங்கள். அதற்குச் சிவப்பும் நிரந்தரமில்லை, கறுப்பும் நிரந்தரமில்லை: நேர்ப்பாதை திறந்திருக்கும்போது ஒன்று, கிளைப்பாதை திறந்திருக்கும்போது மற்றது. அதனால் பொயிண்டை நகர்த்தும் மோட்டாரோடு ஒரு சுவிட்சும் சேர்ந்து நகரவேண்டும். சுவிட்சின் நடுக்காலில் தவளையின் வயர், இரண்டு பக்கக் கால்களிலும் சிவப்பும் கறுப்பும். எஞ்சின் தவளையைத் தொட்டவுடன் ஷோர்ட் ஆனால் பக்கக் கால்கள் இரண்டையும் இடம் மாற்றுங்கள், வேறு பிழை அநேகமாக இருக்காது.

தவளைக்குப் பிறகு போகும் இரண்டு உள் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் ஜாயினர் போடுங்கள். மறந்தால் அடுத்த துண்டின் ஃபீடர் தவளையோடு சண்டை பிடிக்கும்.

8. மோட்டாரும் விளக்கும் தனி வயரில்

மஞ்சளும் வெள்ளையுமாக இன்னொரு இரட்டை வயர், தனி 12 வோல்ட் அடாப்டரில் இருந்து, தொடக்கத்தில் 3 ஆம்பியர் ஃபியூஸோடு. தண்டவாளத்திலிருந்து விளக்குக்கு மின்சாரம் எடுக்காதீர்கள், டிசியில் எஞ்சின் மெதுவானால் விளக்கும் மங்கும், டிசிசியில் தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான பூஸ்டரின் பலத்தை வீடுகளின் விளக்கு தின்றுவிடும்.

பொயிண்டை டக்கென்று அடிக்கும் சுருள் மோட்டாருக்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் சில ஆம்பியர் வேண்டும். அழுத்தியே வைத்திருந்தால் சுருள் எரியும். அழுத்தினால் மட்டும் தொடும் பட்டனைப் போட்டு, 25 வோல்ட் 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிற்றர் உள்ள டிஸ்சார்ஜ் யூனிட் ஒன்றை இடையில் வையுங்கள். பட்டன் சிக்கிக்கொண்டாலும் சுருள் பிழைக்கும், அடியும் பலமாக விழும். ரோபோ சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் சின்ன சர்வோ மோட்டார் மெதுவாக, உண்மையான பொயிண்ட் போலவே நகரும். அதற்கு 5 வோல்ட்டும் கட்டளை அனுப்ப ஒரு சின்ன போர்டும் வேண்டும், தவளைக்கு ஒரு மைக்ரோசுவிட்சைச் சர்வோவின் கையருகில் பொருத்தினால் சரி.

எல்இடி விளக்கு ஒவ்வொன்றுக்கும் 12 வோல்ட்டில் 1 கிலோஓம் ரெசிஸ்டர். வெள்ளை எல்இடி 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 9 வோல்ட், 9 மில்லி ஆம்பியர். நிலைய விளக்குக்கு அதுவே அதிகம், 4.7 கிலோஓம் போட்டால் மாலை நேர வெளிச்சம் போல இருக்கும்.

9. திரும்பி வரும் வளையம்

பாதை ஒரு பொயிண்டில் பிரிந்து, வளைந்து சுற்றி, அதே பொயிண்டுக்குத் திரும்பினால் ‘கடல்’ தண்டவாளம் ‘வீதி’ தண்டவாளத்தோடு போய் முட்டும். நேரடி ஷோர்ட். அந்த வளையத்தின் இரண்டு நுனியிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டிப் பிரித்து, உள்ளே நிற்கும் நீளம் உங்கள் மிக நீளமான ரயிலைவிடப் பெரிதாக இருக்கும்படி பார்த்து, டிசிசி என்றால் தானாகத் துருவம் மாற்றும் கருவியையும், டிசி என்றால் குறுக்குக் கட்டிய ஆறு கால் சுவிட்சையும் போடுங்கள்.

10. பலகைக்கும் பலகைக்கும் இடையில்

கழற்றிப் பூட்டும் பலகை என்பதால் பஸ் வயர் அங்கே வெட்டுப்பட்டுத்தான் ஆகவேண்டும். ட்ரோன், ரிமோட் கார் பற்றரிகளுக்கு வரும் மஞ்சள் நிற எக்ஸ்டி60 பிளக் இதற்கு மிகப் பொருத்தம்: பெரிய மின்சாரத்தைத் தாங்கும், தலைகீழாகச் செருகவே முடியாது. தண்டவாள பஸ்ஸுக்கும் விளக்கு பஸ்ஸுக்கும் ஒரே வகைப் பிளக்கை மட்டும் போடாதீர்கள், இருட்டில் மாற்றிச் செருகிவிடுவீர்கள். விளக்குக்கு வேறு வகை வைத்துவிடுங்கள்.

11. சோதனை

பீப் சோதனையில் எல்லாம் சரி என்று வந்தாலும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். கறுத்துப்போன இணைப்பும் மீற்றரில் பீப் என்று சத்தம் தரும், ஏனென்றால் மீற்றர் அனுப்புவது எறும்பளவு மின்சாரம். பாரம் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டோ உதிரிப்பாகக் கடையில் 12 வோல்ட் 10 வாட் பல்பும், கார் பிரேக் லைட்டுக்கு வரும் 21 வாட் பல்பும் ஒவ்வொன்று வாங்குங்கள். 10 வாட் பல்பு 0.8 ஆம்பியரும் 21 வாட் பல்பு 1.75 ஆம்பியரும் எடுக்கும். சின்ன டிசி கன்ட்ரோலருக்கு முதலாவது, டிசிசிக்கு இரண்டாவது. பல்பைத் தூரத்துத் தண்டவாளத்தில் பிடித்து எரியவைத்து, அங்கே வோல்ட்டேஜை அளவிடுங்கள், பிறகு பல்பு எரிந்தபடியே பஸ் தொடங்கும் இடத்தில் அளவிடுங்கள். டிசிசி என்றால் மீற்றரை ஏசியில் வையுங்கள், வரும் எண் துல்லியமாக இராது, இரண்டையும் ஒப்பிட அது போதும். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ கெட்ட பிடிப்பு இருக்கிறது. பஸ் வழியே ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டு வாருங்கள், எந்த இணைப்பின் இரண்டு பக்கத்துக்கும் இடையில் வோல்ட்டேஜ் திடீரென்று விழுகிறதோ அங்கேதான் பிழை.

அடுத்தது குத்திக்காசு சோதனை. டிசிசி பூஸ்டருக்கும் ஷோர்ட் பாதுகாப்பு உள்ள கன்ட்ரோலருக்கும் மட்டும் இதைச் செய்யுங்கள். ஐந்து ரூபாய்க் காசை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்து அழுத்துங்கள். உடனே வெட்டுப்பட வேண்டும், எடுத்தால் திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு துண்டிலும், ஒவ்வொரு பக்கப் பாதையின் கடைசியிலும் இதைச் செய்யுங்கள். ஓர் இடத்தில் காசு வைத்தும் வெட்டவில்லை என்றால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். 15 வோல்ட், 5 ஆம்பியர் பூஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் கெட்ட பிடிப்பால் 4 ஓம் இருந்தால் ஓடுவது 3.75 ஆம்பியர்தான், பூஸ்டருக்கு அது பெரிய எஞ்சின் ஓடுவதுபோலத் தெரியும், வெட்டாது. ஆனால் அந்த 4 ஓமில் வெளியாவது 56 வாட் சூடு, உங்கள் சோல்டரிங் அயர்ன் அளவு. தடம்புரண்ட பெட்டி ஒன்று அங்கே குறுக்கே கிடந்தால் சக்கரமும் சிலிப்பரும் உருகும், ஆள் இல்லாத அறை என்றால் அதைவிட மோசமாகவும் ஆகலாம். அந்தத் துண்டுக்கு இன்னொரு ஜோடி ஃபீடர் கொடுங்கள், மறுபடி காசை வையுங்கள்.

கடைசியாக, பெட்டி ஒன்றின் ஒரு பக்கச் சட்டம் முழுவதும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, சிவப்பு கடல் பக்கம் இருக்கும்படி வைத்துப் பாதை முழுவதும் கையால் தள்ளிக்கொண்டு போங்கள். எந்த இடத்திலாவது சிவப்பு வீதிப் பக்கம் வந்தால், படத்தில் நீங்கள் கவனிக்காத திரும்பு வளையம் அங்கே ஒளிந்திருக்கிறது.

12. உப்புக்காற்றோடு வாழ்வது

இரவில் பலகையைப் பழைய பருத்திச் சேலையால் மூடுங்கள், பிளாஸ்டிக் விரிப்பு உள்ளே வியர்க்கும். தண்டவாளத்தை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள், எமரித் தாளால் அடிக்கடி தேய்த்தால் கீறலுக்குள் அழுக்கு இன்னும் வேகமாகத் தங்கும். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரம் இடி இடிக்கத் தொடங்கும் நாட்களில் அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கரண்ட் போனாலும் அப்படியே, திரும்பி வரும் நேரத்தில் பூஸ்டர் செருகியபடி இருக்க வேண்டாம். 2022-இல் ஒரு நாளுக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தில்தான் என் இரண்டாவது பலகையின் ஃபீடர்களுக்கு எண் எழுதினேன், நெற்றியில் டோர்ச் கட்டிக்கொண்டு. சோல்டர் பிடிக்க முடியாத நேரத்தில் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான் இருந்தது.

பலகையின் அடிச்சட்டத்தில் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை நூல் கட்டித் தொங்கவிடுங்கள். எந்த நாளில் எந்த ஃபீடரை மாற்றினீர்கள், பல்பு சோதனையில் எந்தத் துண்டில் எத்தனை வோல்ட் வந்தது என்று எழுதி வையுங்கள். அடுத்த பருவமழை முடிந்ததும் அதே பல்பை அதே இடங்களில் பிடித்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதுங்கள். என் கொப்பியில் 11-ஆம் துண்டுக்கு மட்டும் எண் வருடா வருடம் கொஞ்சம் குறைந்துகொண்டே வருகிறது, இந்தச் சனிக்கிழமை பலகையை நிமிர்த்தி அதன் வீதிப் பக்கப் பிடிப்பைத் திறந்து பார்க்கப்போகிறேன்.